மூட்டைக்கு வரியில்லை, பாக்கெட்டுக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நம் ராமநாதபுரம் கடற்கரையில் யார் புதிதாகத் தொழில் தொடங்கினாலும் ஊரார் கேட்கும் முதல் கேள்வி "ஜிஎஸ்டி எடுத்தாச்சா?" என்பதுதான். இந்தக் கேள்வியே பாதிப் பேரைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தேவையில்லாதவர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, ரிட்டர்ன் எனும் வரிக் கணக்கு விவரத்தைப் போடாமல் தாமதக் கட்டணம் கட்டுகிறார். தேவைப்படுகிறவரோ "மீனுக்குத்தான் வரியே கிடையாதே" என்று சும்மா இருக்கிறார். எதை விற்கிறோம், எப்படிக் கட்டி விற்கிறோம், எங்கே அனுப்புகிறோம் என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் பதிவைப் பற்றிப் பேச வேண்டும்.

கருவாட்டையே எடுத்துக்கொள்வோம். நெத்திலிக் கருவாட்டை மூட்டையாகவோ, வாங்குகிறவர் கண்ணெதிரே தராசில் நிறுத்துக் காகிதத்தில் கட்டியோ விற்றால் ஜிஎஸ்டி இல்லை. அதே நெத்திலியை முன்கூட்டியே 250 கிராம் பொட்டலமாகப் போட்டு, எடையும் விலையும் அச்சடித்த லேபிள் ஒட்டி அடுக்கினால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 வரை பிராண்டு பெயர் இருக்கிறதா என்பதே அளவுகோலாக இருந்தது. அதற்குப் பிறகு பிராண்டு கேள்வியே இல்லை. 25 கிலோவுக்கு மேற்படாத பொட்டலம் முன்கூட்டியே கட்டப்பட்டு லேபிள் ஒட்டப்பட்டிருந்தால் வரி உண்டு. "பேரைப் பதிவு பண்ணாமல் விட்டால் வரி வராது" என்ற பழைய யோசனையை இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பி லேபிள் அடித்தவர்கள்தான் நோட்டீஸ் வந்ததும் விழிக்கிறார்கள். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டிக்கும் இதே கணக்கு: உதிரியாக விற்றால் வரியில்லை, லேபிள் ஒட்டிய பொட்டலத்துக்கு 5 சதவீதம். முண்டு மிளகாய் வற்றலுக்கு இந்த வேறுபாடு கிடையாது, எப்படி விற்றாலும் 5 சதவீதம்தான். ஆனால் தன் காட்டில் விளைந்ததைத் தானே விற்கும் விவசாயி பதிவு செய்ய வேண்டியதில்லை. அவரிடம் வாங்கி விற்கும் வியாபாரிக்குத்தான் கணக்கு தொடங்குகிறது. மீன் ஊறுகாய் போடும் பெண்கள் குழுக்களுக்கு ஒரு நல்ல செய்தி: 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. பழைய பில் புத்தகத்தில் 12 என்றே எழுதிக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரம்பு. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்றுமுதல், சேவை செய்பவருக்கு 20 லட்சம். இதுவரை எல்லோரும் சரியாகவே சொல்கிறார்கள். கால் தடுக்குகிற இடம் வேறு: இந்த 40 லட்சத்தில் வரியில்லாத விற்பனையும் சேரும். ஒருவர் ஆண்டுக்கு 32 லட்சத்துக்குப் பச்சை மீன், 6 லட்சத்துக்கு உதிரிக் கருவாடு, 3 லட்சத்துக்குப் பொட்டலக் கருவாடு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிக்குரியது வெறும் 3 லட்சம். ஆனால் மொத்தம் 41 லட்சம் ஆகிவிட்டதால் அவர் பதிவு செய்தே ஆக வேண்டும். கட்ட வேண்டிய வரி 15,000 ரூபாய்தான், அதிலும் பொட்டலப் பை, அச்சுக்கூலி ஆகியவற்றுக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். பதிவு செய்யாமல் இருந்து பிடிபட்டால் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரி, இரண்டில் எது கூடுதலோ அது அபராதமாகவும் வரும். அந்தப் பொட்டலமே போடாமல் பச்சை மீனும் உதிரிக் கருவாடும் மட்டும் விற்றிருந்தால், கோடி ரூபாய்க்கு விற்றாலும் பதிவு தேவையில்லை. முழுக்க வரிவிலக்குப் பொருள் விற்பவரைச் சட்டத்தின் 23-ஆம் பிரிவே விலக்கி வைத்திருக்கிறது.

விற்றுமுதல் கடைக்குக் கடை பார்க்கப்படுவதில்லை, பான் எண்ணுக்குத்தான் பார்க்கப்படுகிறது. தங்கச்சிமடத்தில் கருவாட்டுக் கடையும் ராமேஸ்வரத்தில் சிப்பிப் பொருள் கடையும் ஒரே பெயரில் இருந்தால் இரண்டும் ஒரே கணக்கு. கடையோடு ஐஸ் பெட்டியையோ வண்டியையோ வாடகைக்கு விட்டால் அது சேவை. அப்போது 40 லட்சம் என்ற வரம்பே போய் 20 லட்சம் வந்துவிடும்.

இனி எங்கே அனுப்புகிறோம் என்பது. நம் ஊர்ச் சரக்கில் நிறையவே கேரளத்துக்குப் போகிறது. உதிரிக் கருவாட்டை லாரியில் ஏற்றி அனுப்பினால் பதிவும் வேண்டாம், சரக்கு வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில்லும் வேண்டாம். விற்பனைச் சீட்டு ஒன்று ஓட்டுநர் கையில் இருந்தால் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து, லேபிள் ஒட்டிய அரைக் கிலோ பாக்கெட் ஒன்றைக் கொச்சிக்குக் கூரியர் போட்டாலும், அந்த முதல் பாக்கெட்டிலிருந்தே பதிவு கட்டாயம். வேறு மாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்பவருக்கு 40 லட்சம் என்ற பேச்சே இல்லை. வீட்டிலிருந்தபடி இணையத்தில் விற்கத் தொடங்கும் இளைஞர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பதாக இருந்தால், 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும் ஒரு சேர்க்கை எண் பெற்று மின்வணிகத் தளங்களில் விற்கலாம். எல்லை தாண்டினால் அந்தச் சலுகை இல்லை.

பதிவு தேவை என்று ஆகிவிட்டால், ஒன்றரைக் கோடிக்குள் விற்பவர், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாமா என்று பார்க்க வேண்டும். வாங்கி விற்பவருக்கு வரிக்குரிய விற்பனையில் 1 சதவீதம். தானே உற்பத்தி செய்பவருக்கும் 1 சதவீதம்தான். ஆனால் அது மொத்த விற்றுமுதல் மீது, வரியில்லாததும் சேர்த்து. மேலே சொன்ன 41 லட்சம் ரூபாய்க்காரர் தானே காயவைத்துப் பொட்டலமிடும் உற்பத்தியாளர் என்றால் காம்போசிஷனில் 41,000 ரூபாய் கட்டுவார். சாதாரண முறையில் 15,000-தான். ‘ஒரு சதவீதம்தானே’ என்று ஆசைப்படுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது, பில்லில் வரியைத் தனியாகக் காட்டி வசூலிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த மாதம் 18-ஆம் தேதிக்குள் சிஎம்பி 08 படிவத்தில் வரி கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கு ஜிஎஸ்டிஆர் 4, ஜூன் 30-க்குள்.

இனி விண்ணப்பம். gst தளத்தில் பதிவு இலவசம் என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். பான், கைபேசி எண், மின்னஞ்சல் கொடுத்தால் ஒரு தற்காலிக எண் வரும். 15 நாளுக்குள் மீதி விவரங்களை முடிக்க வேண்டும். ஆதார் சரிபார்ப்பு முடிந்து ஆட்சேபம் இல்லையென்றால் வழக்கமாக 7 வேலை நாளில் எண் கிடைக்கும். ஆதாரைத் தவிர்த்தால் அதிகாரி நேரில் வந்து இடம் பார்ப்பார், 30 நாள் வரை ஆகும். நிராகரிப்புகள் பெரும்பாலும் இரண்டு காரணத்தால் வருகின்றன. ஒன்று முகவரிச் சான்று. கடற்கரை ஊர்களில் வீட்டு வரி ரசீது தாத்தா பெயரில் இருக்கும், மின் இணைப்பு பெரியப்பா பெயரில் இருக்கும், விண்ணப்பிப்பவரோ பேரன். இதற்குச் சொத்தின் பெயரை மாற்ற வேண்டிய அவசியமில்லை. யார் பெயரில் சான்று இருக்கிறதோ அவருடைய சம்மதக் கடிதமும் அவருடைய அடையாளச் சான்றும் இணைத்தால் போதும். அவர் இறந்துவிட்டிருந்தால் மட்டும் முதலில் மின் இணைப்பையோ வீட்டு வரியையோ உயிரோடிருக்கும் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்வது நல்லது. இறந்தவர் பெயரில் சம்மதக் கடிதம் எழுதி வைக்கும் ‘கெட்டிக்காரத்தனம்’ பிற்பாடு பதிவையே ரத்து செய்ய வைக்கும். சொந்த இடத்துக்கு ஒரே ஒரு சான்று போதும், கூடுதலாகக் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-ல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. பட்டாவும் வேண்டும், வில்லங்கமும் வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக்காட்டலாம்.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. விண்ணப்பித்துக் கொடுக்கும் இடைத்தரகர் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார். விளக்கம் கேட்டு வரும் ஆர்இஜி 03 நோட்டீசுக்கு 7 வேலை நாளில் பதில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் தரகருக்குப் போகிறது, அவர் பார்ப்பதில்லை, விண்ணப்பம் தள்ளுபடி. எண் கிடைத்துவிட்டாலும் அதே சிக்கல் தொடரும். கடவுச்சொல் தரகரிடம், ஓடிபி தரகரிடம், கடைக்காரருக்குத் தன் கணக்கில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஆடிட்டரிடம் வேலையைக் கொடுங்கள்; கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். பான் அட்டையில் தகப்பனார் பெயர் முழுதாகவும் ஆதாரில் வெறும் முன்னெழுத்தாகவும் இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே ஒன்றைத் திருத்திவிடுங்கள். எண் வந்த 30 நாளுக்குள், அல்லது விற்பனை விவர ரிட்டர்னான முதல் ஜிஎஸ்டிஆர் 1 போடுவதற்கு முன், எது முன்னதோ அதற்குள் வங்கிக் கணக்கைச் சேர்க்க வேண்டும். மறந்தால் பதிவு நிறுத்தி வைக்கப்படும்.

நம் கடற்கரைக்கே உரிய ஒரு குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்து குறையும், பல கூடங்கள் பூட்டிக் கிடக்கும். "வியாபாரமே இல்லை, என்ன ரிட்டர்ன்?" என்று விட்டுவிடுகிறார்கள். விற்பனை பூஜ்யம் என்றாலும் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். பூஜ்ய ரிட்டர்ன் தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் 500. வரி இருந்தால் நாளுக்கு 50, ஒன்றரைக் கோடிக்குள் விற்பவருக்கு உச்சம் 2,000. வரித்தொகைக்கு 18 சதவீத வட்டி தனி. தொகை பெரிதல்ல. பெரிய அடி அடுத்து வருவது: தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் விட்டால் இ-வே பில் எடுக்க முடியாது, ஆறு மாதம் விட்டால் பதிவே ரத்தாகலாம். ரத்தான பதிவை மீட்க 90 நாளுக்குள் மனு போட வேண்டும். அதற்கும் நிலுவை ரிட்டர்ன் எல்லாவற்றையும் முதலில் போட்டு முடிக்க வேண்டும். பூஜ்ய ரிட்டர்னுக்கு கணினிகூட வேண்டாம். பதிவு செய்த கைபேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பதிலாக வரும் குறியீட்டை இன்னொரு குறுஞ்செய்தியில் அனுப்பி உறுதி செய்தால் வேலை முடிந்தது. தொழிலையே விட்டுவிட்டால் ஆர்இஜி 16 படிவத்தில் ரத்து கேட்டு, பிறகு இறுதி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர் 10 போட வேண்டும். கடைப் பலகையைக் கழற்றுவதால் பதிவு ரத்தாகாது.

உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. ஜிஎஸ்டி எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது வேண்டும், தள்ளுவண்டிக்காரருக்கும் வேண்டும். சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணத்தில் பதிவு, அதற்கு மேல் உரிமம். எந்த விற்றுமுதலுக்கு எது என்பதை விண்ணப்பிக்கும் அன்று உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான போஸ்கோஸ் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், வரம்புகள் திருத்தப்படுகின்றன. 14 இலக்க எண்ணைப் பொட்டலத்திலும் பில்லிலும் அச்சிட வேண்டும். கருவாட்டுப் பொட்டலத்தில் அசைவக் குறி, அதாவது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும். பழைய வட்டப் புள்ளி அச்சை வைத்துக்கொண்டு இன்னமும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதோடு எடையளவுச் சட்டப்படி பொட்டலமிடுபவரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரியும் உட்பட்ட உச்ச விலை, ஓர் அலகின் விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை வேண்டும். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. கடையின் மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுவதும் அதே துறைதான்.

எடை விஷயத்தில் கருவாடு தனி ரகம். கட்டும்போது 250 கிராம் இருந்த பொட்டலம் ஈரம் வற்றி மாதக் கடைசியில் 235-க்கு வந்து நிற்கும். 250 கிராமுக்கு 9 கிராம் வரைதான் குறைவு பொறுக்கப்படும். ஆய்வாளரிடம் "வெயில்தான் சார்" என்று சொல்லிப் பயனில்லை. நன்றாகக் காயவைத்த பிறகே கட்டுவதும், கட்டும்போது சில கிராம் கூட்டிப் போடுவதும்தான் வழி. ஈரத்தோடு கட்டினால் எடை குறைவது மட்டுமல்ல, பூஞ்சையும் பிடிக்கும். அப்போது வருவது உணவுப் பாதுகாப்பு அதிகாரி.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு முழு இலவசம், ஆதாரும் பானும் போதும், புதுப்பிப்பதும் இல்லை. இதற்குக் கட்டணம் கேட்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும்; அவை அரசுத் தளம் அல்ல. பதிவின்போது தொழில் வகைக் குறியீட்டைச் சரியாகத் தேர்வு செய்யுங்கள். நண்டுச் சதை எடுப்பவர், மீன் காயவைப்பவர் உற்பத்தியாளர். குறியீடு 1020-ல் வரும். அவசரத்தில் ‘வணிகம்’ என்று போட்டுவிட்டால் பெரிய பாதுகாப்பு ஒன்று கைநழுவும். உற்பத்தியாளரான குறு, சிறு நிறுவனத்துக்குச் சரக்கு வாங்கிய கம்பெனி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வெறும் வணிகர்களுக்கு இந்த உரிமை இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு நண்டும் கணவாயும் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் பாக்கிக்கு அலைகிறவர்கள் இந்தக் குறியீட்டை ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

வருமான வரியில் நம் ஊருக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கணக்கில் ஏற்கப்படாது. மீனவரிடம் நேரடியாக வாங்கும் மீனுக்கு விலக்கு உண்டு. கரையில் மீனைத் தரம் பிரித்து விற்கும் மீனவர் தலைவரும் இதில் சேருவார், இறால், நண்டு, கணவாய் எல்லாம் சேரும் என்று 2008-ஆம் ஆண்டின் 10-ஆம் எண் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. தரகரிடமோ இன்னொரு வியாபாரியிடமோ வாங்கினால் இந்த விலக்கு இல்லை. ஆகவே கொள்முதல் சீட்டில் படகின் பதிவு எண்ணையும் மீனவர் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். ஏலக் கமிஷன் வாங்குகிறவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: ரொக்க விற்பனையில் 8, வங்கி வழி விற்பனையில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிடும் எளிய முறை கமிஷன் வருமானத்துக்குப் பொருந்தாது.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தவுடன் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குவது இப்போது ஒரு மோகமாகியிருக்கிறது. விற்பனை ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் கம்பெனிக்கு ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். ஆண்டுப் படிவங்கள் தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பே இல்லை. கருவாட்டுக் கடைக்கு இது எதற்கு? கூட்டாண்மை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தாலே போதும். பதிவு செய்யாத கூட்டாண்மை, பாக்கிக்காரர் மேல் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. அதனால் பத்திரம் எழுதுவதோடு நிறுத்தாமல் பதிவாளரிடமும் போய்விடுங்கள்.

ராமேஸ்வரத்தில் சிப்பி, சங்குக் கடை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி எண் விற்கும் உரிமம் அல்ல, வரி கட்டும் எண். கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை, கடல் விசிறி, சட்டத்தின் பட்டியலில் உள்ள சில சங்குகள் ஆகியவை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்தில் வருகின்றன. பில் போட்டு வரி கட்டி விற்றாலும் அது குற்றம்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். காம்போசிஷன் ஆண்டுக் கணக்குக்கு ஜூன் 30, ஏற்றுமதி எண்ணைப் புதுப்பிக்க ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று முக்கியமான தேதிகள் பலவும் தடைக்காலத்தை ஒட்டியே வருகின்றன. அந்த இரண்டு மாதத்தில்தான் கடற்கரை மக்கள் கையில் நேரமும் இருக்கிறது. மாவட்டத் தொழில் மையம், வணிகவரித் துறை, உணவுப் பாதுகாப்புத் துறை, தொழிலாளர் துறை நான்கும் சேர்ந்து மே மாதத்தில் தொண்டி, மண்டபம், கீழக்கரை மூன்று ஊர்களிலும் தலா ஒரு நாள் முகாம் போடலாம். எந்தப் பதிவுக்கு எவ்வளவு கட்டணம், எதற்குக் கட்டணமே இல்லை என்ற பலகையை முகாம் வாசலில் வைத்தால், தரகருக்குப் போகும் பணம் தராசுக்கு முத்திரை போட உதவும்.

இப்படிக்கு,
கணக்கு எழுதும் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்